தாள் போட்டு மூடிய பெட்டி

மூக்குக் கண்ணாடியைத் தேடி நேற்று வீட்டுக்குள் நாலு சுற்றுச் சுற்றினேன். அது நெற்றியிலேயே இருந்தது வேறு கதை. "எதுக்கு இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி அலையிறீக?" என்றாள் மனைவி. எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அப்படி அலைந்த ஒரு பூனையை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அப்போது ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்து ஷெட்டில் எனக்கு வேலை. பெயர்தான் மேனேஜர், செய்தது போன் எடுப்பதும் லாரிக்காரர்களிடம் ஏச்சு வாங்குவதும். பன்னீர் திராட்சை குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு வாசனை இருக்கும் பாருங்கள், இனிப்பும் லேசான புளிப்புமாக, சட்டையைத் துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பழத்துக்கு எலி வரும், எலிக்காக வந்ததுதான் அந்தச் சாம்பல் பூனை. வந்த இடத்தில், மூலையில் கிடந்த காலிப் பெட்டிக்குள் மூன்று குட்டி போட்டது.

பழப்பெட்டிகளுக்குத் தாள் போட்டுக் கயிறு கட்டுவது செல்லத்தாயி அக்காவின் வேலை. பூனைக்குப் பிரசவம் பார்த்தவர் போல அவரே பொறுப்பெடுத்துக்கொண்டார். பழைய சேலையைக் கிழித்துக் குட்டிகளுக்கு அடியில் விரித்தார். தன் தூக்குவாளியிலிருந்து கருவாட்டுச் சோறு பிசைந்து வைத்தார். பழம் வெட்ட வந்த பெண்கள் ஆளுக்கொரு தடவை எட்டிப் பார்ப்பது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு பட்டா இடம் மாத்திரும். ஏழு வீடு தூக்கிட்டு அலையும், பாவம்" என்று சொல்லி, பெட்டிமேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார். தாய் நுழைய ஒரு ஓரத்தில் மட்டும் வழி விட்டார்.

அன்று சாயங்காலம் மழை இறங்கிவிட்டது. குமுளி மலை ஏறிக் கோட்டயம் போக வேண்டிய லாரி, ஒரே அவசரம். ஏற்றுகிறவர்களுக்குத் தாள் போட்ட பெட்டி என்றால் பழப்பெட்டி. அக்கா கயிறு கட்ட மறந்துவிட்டார் என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே தானே இறுக்கிக் கட்டி ஏற்றிவிட்டார். பூனை அப்போது பின்பக்கம், அக்கா வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

லாரி போன பிறகுதான் மூலை காலியாக இருப்பது கண்ணில் பட்டது. வழியில் மறிக்கச் செல்போன் இல்லாத காலம். மறுநாள் கோட்டயத்து வியாபாரிக்கு நான்தான் போன் போட்டேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூணும் சத்துப்போயி" என்றார். அதைப் புரிந்துகொள்ள மலையாளம் தெரிய வேண்டியதில்லை.

பூனைக்குப் பால் கட்டிக்கொண்டது. அக்கா வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார். யாரையும் கிட்டே விடாத பூனை அவர் மடியில் கிடந்தது. கொஞ்ச நேரம்தான். எழுந்து போய் மறுபடி ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து கத்தும்.

"நமக்குப் போன்ல சொல்லிட்டாக. இதுக்கு யாரு சொல்லுவாக?" என்றார் அக்கா.

பிறகு பூனை வரவில்லை. தாள் போடும் வேலையே வேண்டாமென்று அக்காவும் கொடி நறுக்கும் கவாத்து வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் பந்தலைப் பிரித்துவிட்டு மனைக்கல் நட்டிருக்கிறார்கள். அக்காவும் இல்லை. கடைசியாக அவரைப் படுக்கையில் பார்த்தபோது, என்னை அடையாளம் தெரியவே நேரமாயிற்று. தெரிந்ததும் என் பிள்ளைகுட்டிகளைக்கூட விசாரிக்கவில்லை. "தம்பி, அந்தப் பூன எங்கிட்டாச்சும் போயி மறுபடி குட்டி போட்டிருக்கும்ல?" என்று கேட்டார்.

போட்டிருக்கும் என்றேன். அதை நினைத்துக் கேட்க இனி யாரும் இல்லை.