அக்கா எடுக்க மறுத்த இரண்டு பக்கங்கள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா அரசாங்கத்தில் பெரிய வேலையில் இருந்தார் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அது என்ன வேலை என்பது எங்கள் வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. யாராவது கேட்டால் அம்மா, "சாமான் வெலய பாக்குற வேல" என்று சொல்லி முடித்துவிடுவார். அதில் தவறும் இல்லை. ஆனால் அந்த வேலையில் அக்கா என்ன பாடுபட்டார் என்பதைத் தங்கை நான் எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அக்கா கிள்ளானில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தார். அக்கா பதினேழு வயதில், பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது விபத்தில் அப்பாவின் வலது கால் நசுங்கிவிட்டது. சித்தப்பா வந்து, கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், பெரியவளை அனுப்புங்கள் என்றார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் போனார். பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். பள்ளிக்குப் போகாமலே பல்கலைக்கழகத்துக்கான ஆறாம் படிவத் தேர்வைத் தனியாக எழுதினார். முதல் முறை மதிப்பெண் போதவில்லை. மறுபடி எழுதினார். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்த கடிதத்தை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, அன்றும் தொழிற்சாலைக்குப் போனார்.

பட்டம் வாங்கிய பிறகும் அரசாங்க வேலை உடனே கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வில் இரண்டு முறை கழித்துவிட்டார்கள். காஜாங்கில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மூன்றாம் முறைக்கு மனுப் போட்டார்.

"இந்தத் தடவயும் இல்லன்னா என்னக்கா செய்வ?" என்று கேட்டேன்.

"நாலாவது தடவ எழுதுவேன். வேறென்ன செய்யிறது?" என்றார்.

மூன்றாம் முறையிலேயே கிடைத்தது. பொருளாதாரக் கொள்கைப் பிரிவு ஒன்றில் உதவி இயக்குநராகச் சேர்ந்து, படிப்படியாக ஒரு குழுவுக்குத் தலைவரானார். மாவு, எண்ணெய், சீனி போன்ற பொருள்களுக்கு அரசாங்கம் எவ்வளவு மானியம் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து அமைச்சருக்கு அறிக்கை எழுதும் வேலை. அத்தானைத் திருமணம் செய்துகொண்டு பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார். அங்கிருந்து தினமும் அலுவலகம் இருந்த புத்ராஜெயாவுக்கு ரயில்.

அக்காவிடம் குறையே இல்லை என்று எழுத மாட்டேன். என் கல்யாணத்தன்று, ஏதோ அவசர அறிக்கை என்று அலுவலகம் போனவர், தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்கு வந்தார். அலுவலகச் சேலையோடு நேரே பந்தியில் பரிமாற ஆரம்பித்தார். "ஒனக்கு ஆபீஸ்தான் வீடு, போ" என்று நான் சொன்னேன். பிறகு சில மாதங்கள் பேசவில்லை. அவரே ஒருநாள் கிள்ளானுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன். ஆனால் அந்த வருத்தம் இன்றும் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

இனி அந்த இரண்டு பக்கங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கடைகளில் எல்லாருக்கும் மலிவு விலையில் கிடைத்த மாவையும் எண்ணெயையும் நிறுத்திவிட்டு, கைப்பேசியில் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கான அறிக்கையை எழுதும் பொறுப்பு அக்காவின் குழுவுக்கு. திட்டம் நல்லதுதான் என்றே அக்காவும் நினைத்தார். பெரிய உணவகங்களெல்லாம் ஏழைகளுக்கான மாவை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் எழுதுவதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சனிக்கிழமைகளில் நான்தான் அழைத்துப் போனேன்.

ரவாங்கில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி வீடுகளின் முன்னே, வாழைப்பழம் பொரித்து விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். அக்கா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, திட்டத்தை அவரிடம் விளக்கினார்.

"போன்ல பதியணுமா?" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்ல ஒரே போன்தான் லா. அத மவன் எடுத்துக்கிட்டு சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டான். இனிமே ஒரு கிலோ மாவு வாங்கணும்னா அவன் அங்கேருந்து வரணுமா?"

அக்கா சிரிக்கவில்லை. "இந்த அடுக்குமாடியில ஒங்கள மாதிரி இன்னும் யாரும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"என்னம்மா இப்பிடிக் கேக்குற? வா, காட்டுறேன்" என்று அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தார். வியாபார நேரத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டு, மின்தூக்கி பழுதான அந்தக் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி எங்களுக்குக் கதவுகளைத் தட்டிக்கொடுத்தார். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒரே கதைதான். கைப்பேசி வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். சமைப்பவர் கையில் ஒன்றும் இருக்காது.

அக்கா அதை எழுதி அறிக்கையில் சேர்த்தார். அதைப் படித்த துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் மலாயில் பேசியதை, மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா எனக்குச் சொன்னார்.

"'இது கத, அறிக்கையில கதைக்கு எடம் இல்ல'ன்னாரு. 'ஒரு மாசம் குடுங்க, கணக்கெடுத்துத் தரேன்'னேன்."

கொடுத்தார்கள். அக்காவும் குழுவினரும் கிள்ளான், காஜாங் என்று அலைந்து வீடு வீடாக விவரம் சேர்த்தார்கள். கைப்பேசி இல்லாதவர்கள் நேரில் வந்து பதியக் கவுண்டர் முகப்புகள் வேண்டும், ஒரே எண்ணில் பலர் பதிய அனுமதிக்க வேண்டும், படிவம் தமிழிலும் சீனத்திலும் வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினார் அக்கா. இம்முறை துறைத் தலைவர் அதைக் கதை என்று சொல்லவில்லை. நேரமில்லை, திட்டம் தாமதமாகும், அந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிடு என்றார்.

"நீ என்னக்கா சொன்ன?"

"'அத எடுக்கணும்னா என் கையெழுத்தையும் சேத்து எடுத்துருங்க'ன்னு சொன்னேன்."

"பயமா இல்லயா?"

"இல்லாம? அவரு கைய நீட்டிருவாரோன்னு கோப்ப எடுத்து மேசைக்குக் கீழ வச்சிக்கிட்டேன்."

இரண்டு பக்கங்களும் அறிக்கையிலிருந்து போயின. அக்காவின் கையெழுத்தும் போயிற்று. அந்த மாதக் கடைசியில் அக்காவைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அத்தானுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ராஜினாமா செஞ்சிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அக்கா கேட்கவில்லை. "நான் போயிட்டா அந்த ரெண்டு பக்கத்துக்கு ஆள் யாரு இருக்கா?" என்றார்.

பயிற்சிப் பிரிவில் நான்கு ஆண்டுகள் இருந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு முதல் நாள் வகுப்பைப் பாசாரில், சந்தைக் கடைகளிலேயே நடத்தினார். ஆளுக்கொரு பையைக் கொடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வரச் சொல்வார். பணக்காரர்கள் வாழும் பங்சாரில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் மாவு எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் நின்றார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இதற்கிடையில் திட்டத்தை ஒரு வட்டாரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அக்கா எழுதியதுதான் நடந்தது. பதிய முடியாதவர்கள் கடையில் மாவு கேட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். புகார்கள் குவிந்தன. அப்போது புதிதாக வந்திருந்த பிரிவுத் தலைவி பழைய கோப்புகளைப் புரட்டியபோது, இறுதி அறிக்கைக்கு முந்தைய வரைவில் அந்த இரண்டு பக்கங்கள் அப்படியே இருந்தன. அக்காவைத் திரும்ப அழைத்தார்.

"அப்பவே சொன்னேன்னு நல்லாக் கேட்டிருக்கணும்க்கா" என்றேன் நான்.

"கேட்டு என்ன ஆவுது? இன்னிக்கே முகப்பு தெறந்தா நாளைக்கி மாவு கெடைக்கும். அதத்தான் கேட்டேன்" என்றார்.

முகப்புகள் திறந்தன. ஒரே எண்ணில் பலர் பதியலாம் என்றும் ஆனது. மூன்று மொழிப் படிவம் மட்டும் வரவே இல்லை. அதற்காக ஓய்வுபெறும் நாள் வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போன மறு ஆண்டே அக்காவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். உடல்நலக் காரணம் காட்டி ஓய்வுபெறலாம் என்று மருத்துவர் சொன்னார். "ஊசி ஒரு கையிலதான டாக்டர்? இன்னொரு கை சும்மாத்தான இருக்கு?" என்று கேட்டு, படுத்தபடியே கோப்புகளைப் படித்தார். அறுபது வயது நிறைவடையும் வரை வேலை செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

கடைசியில் நுரையீரலில் கிருமி தொற்றியது. மருத்துவமனையில் பதினொரு நாள். நினைவு தெளிவாக இருந்த ஒரு மாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மலரு கிலரு போடுவீங்க, தெரியும். நன்றின்னு கடைசிப் பக்கத்துல பேர அடுக்கிட்டு முடிச்சிடாத. போயி நேர்ல சொல்லு" என்றார். இரண்டு நாள் கழித்து, அத்தான் பக்கத்தில் இருக்கும்போது, அதிகாலையில் உயிர் பிரிந்தது.

ஆகவே இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் நேரில் போனேன். டயாலிசிஸ் நிலையத் தாதியரையும், அக்காவின் குழுவில் இருந்தவர்களையும், கோப்பைப் புரட்டிய அந்தத் தலைவியையும் பார்த்தேன். இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உறவினர் வீடுகள் ஒவ்வொன்றுக்கும் அத்தானோடு போய் வந்தேன். உங்களில் பலர் எனக்குத் தேநீர் கொடுத்தீர்கள். உங்களுக்கு என் நன்றி ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

ரவாங்கில் வாழைப்பழம் பொரித்து விற்ற அந்த அம்மாவை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று முறை போய்ப் பார்த்தேன். கடை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. வீடு மாறிவிட்டார், மகனோடு இருக்கிறார் என்கிறார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரைக் கேட்டு வைக்காதது என் தவறு. கொஞ்சம் உயரமானவர். இடது புருவத்தில் தழும்பு உண்டு. வியாபார நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்காக மாடி ஏறியவர். ரவாங் பக்கம் இருப்பவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். நான் நாலாவது தடவையும் போவேன்.