செருப்பா, கூலியா

பிற்பகல் மூன்று பத்து. உத்திரமேரூர் படிப்பக வாசலில் முதலில் என் கண்ணில் பட்டது, ரத்தம் காய்ந்த ஒரு தலைக்கட்டு. பண்ணையார் முன் செருப்புக் காலோடு நின்று கூலி உயர்வு கேட்டதற்காக அவரிடம் அடிபட்ட மானாம்பதிக்காரர், போலீஸ் புகார் எழுதித்தரக் கேட்டு வந்திருந்தார்.

படிப்பகத்தைப் பகுத்தறிவுக்காரர்களும் மார்க்சியர்களும் சேர்ந்து நடத்தினார்கள்.

“செருப்புக்குத்தான் அடிச்சான். இது சாதி.”

“கூலிக்குத்தான் தோழர். இது வர்க்கம்.”

அடிபட்டவர் துண்டால் ஈயை ஓட்டிக்கொண்டே இருந்தார். “எதுக்குன்னு அப்பால பேசிக்கினு இருங்க சார். அடிச்சான்னு எழுதிக் குடுங்க. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டரு பூடுவாரு.”

“உனக்காகத்தாம்பா பேசிக்கினு கீறோம்” என்றார் ஒருவர், டீயை உறிஞ்சியபடி.

நாலரைக்கு மானாம்பதிக்காரர் எழுந்து போனார். மேசைத் தாளில் ‘ஐயா’ என்ற சொல் மட்டும் இருந்தது. என் சட்டைப்பையிலும் ஒரு பேனா இருந்தது.