வளையல் கடையில் தெரிந்த மெலிவு

எண்பதுகளில் திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தினேன். பட்டினி கிடக்கும் செல், தனக்குள் இருப்பதையே கொஞ்சம் தின்று சமாளிக்கும் என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன்.

"அப்போ என் கொழுப்பையும் தின்னுமா?" என்றாள் பருமனான என் மனைவி.

"பட்டினி கிடந்தா கொழுப்பு கரையும். ஆனா செல் இப்படித்தான் அதைத் தின்னுதான்னு இன்னும் யாருக்கும் சரியா தெரியல."

"நானே பாத்துடறேன்" என்றவள், இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு, விடிந்ததும் வெறும் வயிற்றோடு மலை சுற்றும் பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

சில மாதம் கழித்து, தீபாவளிக்கு வளையல் வாங்கப் போனோம். வழக்கமாகச் சோப்பு தடவித்தான் அவள் கையில் ஏற்றுவார்கள். அன்று வளையல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"சைஸ் கம்மி ஆயிடுச்சுங்கம்மா, சின்னதா எடுக்கறேன்" என்றார் கடைக்கார பாய்.

"ரெண்டு டஜனா குடுங்க பாய்" என்றாள் அவள். வீடு வரும்வரை புது வளையல் குலுங்கக் கையை வீசி வீசி நடந்தாள். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கும் அதில் பெருமைதான்.