கிராசியாஸ் சொல்லாத தாச்சோ

என் அக்காள் புருஷன் அனாஸ்தாசியோ மரேக்கோவை ஊரில் தாச்சோ என்பார்கள். சீண்ட வேண்டும் என்றால் நன்றிகெட்ட தாச்சோ. தெரேரே குடிக்க உட்கார்ந்தால் அந்த மனிதர் வாயிலிருந்து 'கிராசியாஸ்' என்ற சொல் மட்டும் வரவே வராது.

வெயில் ஏறியதும் மாட்டுக் கொம்பில் இலைத்தூளைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, ஒரே குழலால் வட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவோம்; அதுதான் தெரேரே. ஊற்றுகிறவர் ஒருத்தர், கொம்பு கை மாறிச் சுற்றி வரும். பேசாமல் திருப்பிக் கொடுத்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதும் என்றால் கிராசியாஸ், நன்றி, என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொன்னவருக்கு அப்புறம் கிடையாது. அவரிடம் மறுபடி கொம்பை நீட்டினால், உன் வார்த்தையை நான் மதிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எங்கள் தாச்சோவோ கூஜா கவிழும்வரை வாங்கிக்கொண்டே இருப்பார்.

"மச்சான், அது வயிறா ஆறா?" என்பேன் நான்.

"ஊத்து பேத்ரோனா. ஆறு வத்தினா சொல்றேன்."

அவர் ஆரஞ்சு வண்டிக்காரர். தோப்பிலிருந்து துறைக்கு மாட்டு வண்டியில் பழம் ஏற்றிக்கொண்டு வருவார். ஏற்றிக்கொண்டு வருவது மாடுகள்தான்; அவர் பழக்குவியல்மேல் சாய்ந்து, தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு வருவார். துறையில் நாங்கள் பெண்கள் சுருட்டைக் கடித்துக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்துப் பலகை ஏறிக் கப்பலில் கொட்டுவோம். வண்டி நின்ற பிறகும் அவர் எழுந்திருக்க மாட்டார். ஆற்றிலிருந்து வெள்ளை ஆவி எழும்பும், பழவாசனை மூச்சை அடைக்கும், எங்கள் குரல்களே எங்களுக்குத் தூரத்தில் கேட்கும். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் இந்த மனுஷன் ஊருக்கு வந்துவிட்டாரா, இன்னும் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

சண்டைக்கு முன்னால் அவர் இப்படி இல்லை. வேட்டைக்காரர், வாயாடி, ஆட்டக்காரர். என் அக்காள் எவுலோஹியாவும் அவரும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அப்போதுதான் பக்கத்து நாடு பொலிவியாவோடு சாக்கோ காட்டில் சண்டை மூண்டது. அவரும் போனார், எங்கள் ஒரே அண்ணன் லிசாந்த்ரோவும் போனான். அண்ணன் செத்த செய்தி முதலில் வந்தது. அம்மா கறுப்பு உடுத்தினாள். அந்தக் கறுப்பு வெளுப்பதற்குள் கால் போன ஒருத்தன் கப்பலில் வந்து இறங்கி, இன்னொரு செய்தி சொன்னான்: தாச்சோ சண்டை போட மாட்டேன் என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அம்மாவின் பெயர் பிரிகிதா. துறையிலேயே பெரிய கூடை அவளுடையது, பெரிய வாயும் அவளுடையது. அவள் அன்றைக்குக் கத்தவில்லை. "என் புள்ள செத்தான், அவன் குடுத்துட்டானா," என்று மட்டும் கேட்டாள். எனக்கும் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

சண்டை ஓய்ந்து தாச்சோ திரும்பி வந்தார். மார்பில் பதக்கம் இல்லை, தோளில் தண்ணீர் டின் அறுத்த காய்ப்பு இருந்தது. முதல் நாளே அம்மா வாசலில் நின்றுகொண்டாள்.

"துப்பாக்கியக் குடுத்துட்டு வந்தவனுக்கு நான் பொண்ணக் குடுக்கணுமாக்கும்? இந்தக் கேட்டத் தாண்டினே, கால ஒடிச்சு மாட்டுக்குப் போட்ருவேன்."

"சரிம்மா," என்றார் அவர். தாண்டவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு லப்பாச்சோ மரம் நின்றது. ஊரே தூங்கும் மதிய வேளையில் அதன் அடியில் வந்து உட்காருவார். இலை ஒன்றுகூட இல்லாமல் மரம் முழுக்க ரோஜா நிறப் பூ. உதிர்ந்து உதிர்ந்து தொப்பியில் விழும், மடியில் விழும், அவர் தட்டிவிடுவதில்லை. இந்தப் பக்கம் ஜன்னலில் எவுலோஹியா. பேச்சு கிடையாது. நான் பாதித் தூக்கத்தில் கண் திறந்தால் இரண்டு பேரும் அப்படியே இருப்பார்கள். மறுபடி தூங்கிவிடுவேன்.

"அம்மா, நீ ஒத்துக்கலேன்னா நான் இப்படியே கெழவியாயிருவேன்," என்றாள் அக்காள்.

"ஆகு. ஜன்னல் ஒண்ணும் இடிஞ்சிராது."

அந்த வருஷம் பொலிவியக் கைதிகளை இன்னும் அவர்கள் நாட்டுக்கு அனுப்பவில்லை. துறைக்குப் போகும் தெருவுக்கு அவர்களைக்கொண்டு கல் பாவ வைத்தார்கள். சுத்தியல் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ஒரு மதியம், வடகாற்று அனலாக வீசியது, காவல்காரனே மர நிழலில் குறட்டை விட்டான். நடு வயதுக் கைதி ஒருத்தன் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றான். மலைநாட்டு ஆள், குட்டை, உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. பேசத் தெம்பில்லாமல் கூஜாவைப் பார்த்தான்.

அம்மா கசப்புக் காயைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். இவன் ஆட்கள்தானே அவள் மகனைச் சுட்டவர்கள். ஆனாலும் தண்ணீர் இல்லையென்று சொல்லும் வாய் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. கொம்பில் ஊற்றி நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி ஒரே இழுப்பில் உறிஞ்சினான். கொம்பைத் திருப்பிக் கொடுத்து, தலையைத் தாழ்த்தி, "கிராசியாஸ், மாமித்தா" என்றான், அம்மா என்கிற மாதிரி.

அம்மா கொம்பை வாங்கினாள், மறுபடி ஊற்றித் தானே குடித்தாள். அடுத்தது எனக்கு. அதற்கடுத்து எவுலோஹியாவுக்கு. அந்த மனிதன் அங்கேயே நின்று, கொம்பு கை மாறுவதைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தான்.

"என்ன இவன், முழுங்கற மாதிரி பாக்குறான்?" என்றாள் அம்மா. "போதும்னு அவனேதான சொன்னான்?"

அப்போதுதான் கேட் படாரென்று திறந்தது. தாச்சோ உள்ளே நின்றார். தொப்பி எங்கேயோ போயிருந்தது, தலைமுடியில் பூ ஒட்டியிருந்தது.

"ஊத்துங்கம்மா! அவனுக்கு ஊத்துங்க!"

"யாரக் கேட்டுடா உள்ள வந்தே?"

"கால ஒடிங்க, அப்புறமா ஒடிங்க. அவன் போதும்னு சொல்லலம்மா. அவங்க ஊர்ல ஒவ்வொரு வாய்க்கும் அப்படித்தான் சொல்வாங்க. அந்த வார்த்தையக் கேக்காதீங்க, அந்த ஒதட்டப் பாருங்க."

அம்மா உதட்டைப் பார்த்தாள். ஊற்றினாள். அவன் குடித்துவிட்டு "கிராசியாஸ்" என்றான். அவள் கை நின்றது, பழக்கம் விடவில்லை. தாச்சோ, "ஊத்துங்க" என்றார். ஊற்றினாள். கிராசியாஸ். ஊற்றினாள். கிராசியாஸ். கூஜா காலியானதும் எவுலோஹியா கிணற்றுக்கு ஓடினாள். அவன் போதுமென்று கையை விரித்துக் காட்டிச் சிரித்துவிட்டுச் சுத்தியலை எடுக்கப் போகும்வரை அம்மா ஊற்றினாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

தாச்சோ உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி சொன்னார். ஒரு முறைதான் சொன்னார், வாழ்நாளில்.

"காட்டுல ரோந்து போனோம்மா. முள்ளும் புழுதியும், எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி. ஒரு மரத்தடியில அவங்க ஆளு ஒருத்தன் தனியா உக்காந்திருந்தான். துப்பாக்கியக்கூடத் தூக்க முடியல அவனால. தாகம். நாங்க பாவம்னு கூட்டிட்டு வந்து வட்டத்துல உக்கார வெச்சோம். நான்தான் ஊத்தினேன். குடிச்சான். கிராசியாஸ்னான். எல்லாரும் கேட்டோம். அடுத்த சுத்துல அவனத் தாண்டிட்டேன். அதுக்கடுத்த சுத்துலயும். அவன் பாத்துட்டே இருந்தான். மலைக்காரன், வீம்பு புடிச்சவன்னு நெனச்சேன். கேக்கவே இல்லம்மா அவன். அப்புறம் நடக்க வெச்சோம். கிணறு வர்றதுக்கு முன்னாடியே விழுந்துட்டான். செத்துட்டான். என் இடுப்புக் குடுவையில தண்ணி இருந்துச்சு. நடக்கறப்போ சலசலன்னு கேட்டுட்டே வந்துச்சு."

சுத்தியல் சத்தம் மட்டும் வந்தது.

"கைதியா வந்த இன்னொருத்தன்கிட்ட அன்னிக்கு ராத்திரியே கேட்டேன். எங்க ஊர்ல நன்றி சொல்லாம வாங்கினா மரியாதைகெட்டவன்னு சொல்லுவாங்கன்னான். அவன் மரியாதையாத்தாம்மா நடந்திருக்கான். கொன்னது நான். சுட்டு இல்ல, ஊத்தாம. ஒரு வாய்த் தண்ணி ஊத்தறப்பவே அவன் யாரு, என்ன சொல்றான்னு எனக்குத் தெரியல. இதுல தெரியாத ஆளுங்களக் குறிபாத்து எப்படிச் சுடறது? சுடறதுக்கு விரல் மடங்கல. மறுநாள் காலைல துப்பாக்கிச் சோதனை. சார்ஜண்ட் ஒவேலார் என்கிட்ட வந்தார். ரெண்டு கையாலயும் நீட்டி, கிராசியாஸ் சார்ஜண்ட்னு சொன்னேன்."

"அந்த வார்த்தையா?" என்றாள் அம்மா.

"அதுதாம்மா. வரிசைல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. 'நான் என்னடா தெரேரேவா ஊத்தினேன்?'ன்னு அவரும் சிரிச்சார். துப்பாக்கிய என் நெஞ்சுல திணிச்சார். மறுபடி குடுத்தேன், அதையே சொன்னேன். மறுபடி திணிச்சார். மூணாவது தடவை யாரும் சிரிக்கல. லெப்டினன்ட், நகரத்து ஆளு, 'மரத்துல கட்டிச் சுடு'ன்னார். சார்ஜண்ட் துப்பாக்கியத் தன் தோள்ல மாட்டிக்கிட்டார். 'ஓடிப்போயிருந்தா சுட்ருவேன் லெப்டினன்ட். இவன் போதும்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றான். சொன்னவனுக்கு மறுபடி நீட்டினா நமக்குத்தான் கேவலம். துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கும் முன்னாடி இவன நிறுத்துங்க, தண்ணி சுமக்கட்டும்'னார். கடைசிவரைக்கும் சுமந்தேன்."

அம்மா தோள் துணியால் முகத்தைத் துடைத்தாள். அவள் கேட்கப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. எவுலோஹியா கதவைப் பிடித்துக்கொண்டாள். தப்பான பதில் வந்தால் அவள் ஆயுசுக்கும் ஜன்னல்தான்.

"நீ துப்பாக்கிய வெச்சிருந்தா என் லிசாந்த்ரோ இருந்திருப்பானாடா?"

ஒரு பொய் போதும். இல்லம்மா, அவன் வேற படை என்று சொன்னால் போதும். எனக்கே சொல்லிக் கொடுக்க வேண்டும்போல் நாக்கு துடித்தது.

"தெரியலம்மா," என்றார் தாச்சோ. "இருந்திருக்கலாம். தினமும் யோசிக்கிறேன். ஆனா அங்க வழியில விழுந்து கெடக்கறவனும் ஒருத்திக்கு லிசாந்த்ரோதான்."

அம்மா கொம்பிலிருந்த பழைய இலைத்தூளைத் தட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள். வெளியே பூ உதிர்வது கேட்டது என்று சத்தியம் செய்வேன், எவுலோஹியாவும் கேட்டாளாம். பிறகு அம்மா கொம்பில் ஊற்றினாள். தாச்சோவுக்கு நீட்டினாள். அவர் நின்றபடியே குடித்தார். திருப்பிக் கொடுக்கும்போது வாய் திறந்தது. அம்மா கொம்பைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"வாய மூடு. எதையாவது சொல்லித் தொலைக்காத. உக்காரு."

உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

கல்யாணம் நடந்தது. குழந்தைகள் பிறந்தன, அம்மா போனாள், ஆரஞ்சுக் கப்பல்கள் வந்தன, போயின. பதக்கக்காரர்கள் சுதந்திர தினத்தில் அணிவகுக்கும்போது தாச்சோ ஓரத்தில் தண்ணீர் டின்னோடு நின்று ஊற்றிக்கொடுப்பார். சிலர் வாங்க மாட்டார்கள், சிலர் காறித் துப்புவார்கள். அவர் அடுத்தவரிடம் போவார். யாராவது கிராசியாஸ் என்றால் முகத்தை உற்றுப் பார்த்து, "நெஜமாவே போதுமா?" என்று கேட்பார். ஊருக்கு அது பெரிய தமாஷ்.

போன வருஷம் லப்பாச்சோ பூத்திருந்த சமயம் அவர் படுத்த படுக்கையானார். தண்ணீர்கூட இறங்கவில்லை. எவுலோஹியா கொம்பை அவர் உதட்டில் வைத்தாள். நனைத்துக்கொண்டார், கையால் மெல்லத் தள்ளினார். உதடு அசைந்தது. என்ன சொல்ல வருகிறார் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

அக்காள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். "அதச் சொல்லக் கூடாது," என்றாள். அவள் கையடியில் அவர் சிரித்தார், அது எனக்குத் தெரிந்தது. மதியம் போய்விட்டார், சொல்லாமலே.

இப்போது நானும் அவளும் மட்டும்தான் தெரேரே குடிக்கிறோம். எனக்கு ஊற்றுகிறாள், தனக்கு ஊற்றுகிறாள், பிறகு இன்னொரு முறை ஊற்றி அவர் நாற்காலியின்மேல் வைக்கிறாள். ஈ மொய்க்கிறது. எனக்குக் கோபம் வரும்.

"ஏன்க்கா, யாருக்கு இது? நல்ல தண்ணி வீணாப் போகுது."

"அவர் முறை," என்கிறாள். "போதும்னு அவர் இன்னும் சொல்லலையே."