ஸ்பால்ட்: ஹாப்ஸ் கொடிகளின் ஊரில் ஓர் அடுப்பு

யோசனை தோன்றிய இடம், நூரன்பெர்க்கில் ஒரு தமிழ்க் கடை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே சுகந்தி அக்கா கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, ஸ்பால்ட் எண்டு ஒரு ஊர். எங்க கிடக்கு? நீர்தானே ஊர் ஊராத் திரியிறனீர்."

திரிவது உண்மைதான். எர்லாங்கனில் பொறியாளர் வேலை. சனிக்கிழமை ஆனால் கால் வீட்டில் தங்காது. மாதம் 58 யூரோ கட்டினால் ஜெர்மனி முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறிக்கொள்ளலாம் என்ற பிறகு, யார்தான் வீட்டில் இருப்பார்கள்?

அக்கா காட்டியது ஒரு விளம்பரம்: ஸ்பால்ட்டில் மூடிக் கிடக்கும் பழைய உணவகம் குத்தகைக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுகந்தி அக்கா, பதினெட்டு வருடங்களாக நூரன்பெர்க்கில் யாரோ ஒருவருடைய சமையலறையில் வேலை செய்கிறார். சொந்தமாக நடத்த மூன்று இடங்களுக்கு போன் செய்தார். அவர் பெயரைக் கேட்டதுமே மூன்று இடமும் "கொடுத்தாயிற்று" ஆகிவிட்டன.

"இது நாலாவது. இதுவும் இல்லையெண்டா இனிக் கேக்கமாட்டன். அதால நீர் போன் எடும்."

எடுத்தேன். கெர்டா என்ற அம்மையார் பேசினார். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

காலை 8:35, நூரன்பெர்க் ரயில் நிலையம். அக்கா கோயிலுக்குப் போவதுபோல் சேலையில் வந்திருந்தார். கெயோர்கன்ஸ்க்முண்ட் வரை ரயில், ஏறக்குறைய அரை மணி நேரம். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் பஸ். ஒரு காலத்தில் ஸ்பால்ட்டுக்கே ரயில் போயிருக்கிறது, இப்போது இல்லை.

இங்கேதான் முதல் தவறு. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஆற்றில் பெரிய மர நீர்ச்சக்கரம் இருப்பதாகப் படித்திருந்தேன். "இதோ வந்துடுறேன்க்கா" என்று ஓடினேன். படம் அருமையாக வந்தது. பஸ் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.

அக்கா நிறுத்தத்திலிருந்த அட்டவணையில் அடுத்த பஸ்ஸின் நேரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வசவாவது வந்திருக்கலாம்.

10:25 பஸ். நான் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்விகளைத் தொடங்கினேன். ஜன்னலுக்கு வெளியே ரெசாட் ஆற்றின் பள்ளத்தாக்கு, மணல் கலந்த மண், செர்ரி மரங்கள், பிறகு ஏழு மீட்டர் உயரக் கம்பங்களில் பச்சைச் சுவர்கள். ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடி. நான் சோழவந்தான்காரன்; வெற்றிலைக் கொடிக்கால் பார்த்து வளர்ந்தவன். இது கொடிக்காலை மேலே பிடித்து இழுத்து நீட்டிவிட்டதுபோல் இருந்தது.

"ஊரில் ஐயாயிரம் பேர்தான்," என்றார் ஓட்டுநர். "ஆனால் பீர் ஆலை ஊருக்கே சொந்தம், அதற்குத் தலைவர் மேயர். நாங்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பதில்லை, தம்பி. பீருக்கு மேலாளரைத் தேர்ந்தெடுக்கிறோம்."

10:45. ஸ்பால்ட். ஊர் முழுக்க ஈரப் புல்லும் மிளகும் கலந்தாற்போல ஒரு மணம். வீடுகளின் சுவரைவிடக் கூரை உயரமாக இருக்கிறது. கூரைக்குள்ளேயே மூன்று நான்கு தளங்கள், எல்லாம் ஹாப்ஸ் உலர்த்த. பதினாறாம் நூற்றாண்டிலேயே இந்த ஊர் ஹாப்ஸ் மூட்டைகளுக்குத் தனி முத்திரை கொடுத்திருக்கிறார் ஐக்ஸ்டெட் நகரத்துக் கத்தோலிக்க ஆயர். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "ஆயரும் நேரத்துக்குத்தான் வந்திருப்பார்" என்றார்.

உணவகக் கதவில் ஒரு துண்டுத்தாள்: "அறுவடைக்குப் போகிறேன். கெர்டா." போனையும் எடுக்கவில்லை.

"பிந்திப்போனம். கோவிச்சுப் போட்டா," என்றார் அக்கா.

"நீங்க இங்கேயே இருங்க. நான் பார்த்துட்டு வர்றேன்." வழி கேட்டு இரண்டு கிலோமீட்டர் ஓடினேன். தன் தம்பியின் தோட்டத்தில் டிராக்டர் அருகே கெர்டா நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும், ஹாப்ஸ் பிசின் பட்டுக் கைகள் கறுத்திருந்தன. தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து ஏரிக்குச் சைக்கிளில் வருகிறவர்கள் மதியம் சாப்பிட இடமில்லாமல் திரும்பிப் போவதையும், கணவர் இறந்தபின் இரண்டு வருடமாகச் சமையலறை சும்மா கிடப்பதையும், எட்டுப் பேர் கேட்டும் ஒருவருக்குக்கூடச் சமைக்கத் தெரியவில்லை என்பதையும் சொல்லித் தீர்த்தார். அக்கா நிஜமாகவே சமைப்பாரா என்று மூன்று முறை கேட்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு உடனே செய்தி அனுப்பினேன்: "ஓனரைப் பார்த்துட்டேன். அரை மணி நேரமா என்கிட்ட பேசினாங்க. உங்ககிட்டயும் பேசணுமாம். வந்துட்டிருக்கோம்."

டிராக்டரில் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்ந்தோம். வாசலில் அக்கா இல்லை.

12:05. பஸ் நிறுத்தம். பஸ்ஸின் கதவு திறந்திருந்தது. அக்காவின் ஒரு கால் படியில்.

"அக்கா! எங்க போறீங்க?"

"பிந்தினது பிழைதான். அதுக்கு உம்மை அரை மணித்தியாலம் பேசினது காணாதோ? என்னையும் தெருவில வச்சுப் பேசோணுமோ?"

"பேசத்தானேக்கா வந்திருக்காங்க!"

"அதைப் பல்லைக் காட்டிக்கொண்டு வேற சொல்றீர்!"

டிராக்டரிலிருந்து இறங்கி வந்த கெர்டா, அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "சமைக்கிறவர் நீங்கள்தானா? என் அடுப்பில் ஆறு பர்னர் இருக்கிறது. ஒன்று மட்டும் அடம்பிடிக்கும். பார்க்கிறீர்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "இவ பேசேல்லையே?"

"பேசினாங்களே..." என்று தொடங்கியவன் அப்போதுதான் நிறுத்தினேன். நூரன்பெர்க் தமிழ்க் கடையில் பலமுறை காதில் விழுந்தது ஞாபகம் வந்தது. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. "கதைச்சாங்கக்கா. கதைச்சாங்க."

"உங்கட ஆக்கள் கதைக்கிறதைப் பேசுறதெண்டுதான் சொல்லுவினம், தெரியும். பயத்தில மண்டைக்குள்ள ஏறேல்ல." அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "மூண்டு தரம் இல்லையெண்டு கேட்ட காது, தம்பி."

"ஏறுகிறீர்களா, இல்லையா?" என்றார் ஓட்டுநர். காலையில் பார்த்தவரேதான்.

"இல்லை," என்று அக்கா ஜெர்மனில் சொல்லிப் படியிலிருந்து காலை எடுத்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் கூரையைப் பார்த்தேன், அக்கா அடுப்பைப் பார்த்தார். நான் உலர்த்தும் தளங்களின் மரச்சட்டங்களைப் பற்றி ஏதோ சொல்லப்போக, "கூரையைப் பிறகு பாப்பம். இந்தப் புகைபோக்கி இழுக்குதோ எண்டு பாரும்" என்றார். இழுத்தது. அடம்பிடித்த பர்னரை ஒரு ஊசியால் குத்திச் சுத்தம் செய்து பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. கெர்டா அந்தத் தீயைப் பார்த்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒப்பந்தம் இன்னும் இல்லை. அறுவடை முடியும் நாள், செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. தோட்டக்காரர்களும் கூலியாட்களுமாக நாற்பது பேர் அந்த உணவகத்தில் சாப்பிடுவது வழக்கம். பன்றித் தோள் வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் கட்டாயம். கூடவே ஒரு சட்டி அக்காவின் விருப்பம். அவர்கள் சாப்பிட்டு எழுந்தபின் காகிதத்தில் கையெழுத்து என்றார் கெர்டா.

"வறுவல் பிரச்சினையில்லை. பதினெட்டு வருசமாச் செய்யிறன்," என்றார் அக்கா, மாலைப் பஸ்ஸில். "மற்றச் சட்டிக்குக் கத்தரிக்காய்க் குழம்பு."

"சாம்பார் வெச்சா என்னக்கா?"

"வையும். பிறகு கையெழுத்தை நீரே போடும்."

சோழவந்தானில் வெற்றிலைக்கு விலை இறங்கினால் ஊரே சுருங்கும். இங்கும் முன்புபோல் ஹாப்ஸ் போடுகிறவர்கள் இல்லை. ஆனால் ஆலையை ஊர் தன் கையிலேயே வைத்திருக்கிறது, ஏரிக்கு வருகிறவர்கள் பசியோடு வருகிறார்கள். ஓர் அடுப்பு எரிய இது போதாதா?

வரும் ஞாயிறு எர்லாங்கனில் என் வீட்டில் ஒத்திகை. அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் வருகிறார்கள், எல்லாரும் இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள். உறைப்பை எந்த அளவுக்குக் குறைப்பது என்பதில்தான் அக்காவுக்கும் எனக்கும் தகராறு. எட்டில் ஐந்து பேர் குழம்பை இரண்டாம் முறை கேட்டால் அது ஸ்பால்ட்டுக்குப் போகும். கேட்காவிட்டால், திங்கட்கிழமையே வேறு குழம்பு என்கிறார் அக்கா.