பதினொரு சட்டையும் ஒரு தலையணையும்

1. வெள்ளைத் துணி ரோஸ் ஆனது

குவைத்தில் நான் தைத்த முதல் பெரிய ஆர்டர் அழுகையில் முடிந்தது. அழுதது கஸ்டமர் இல்லை, நான்தான்.

அப்பாசியாவில் மூன்றாவது மாடி. இரண்டு பெட்ரூம் பிளாட்டில் ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் ஒரு மலையாளிக் குடும்பம், நடுவில் பொது ஹால். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். விடிவதற்குள் டியூட்டி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஊரிலிருந்து வந்த ஆறாம் மாதமே பழைய மிஷின் ஒன்றை வாங்கி ஹால் மூலையில் போட்டேன். முதலில் கர்ட்டன், சோபா கவர், தலையணை உறை. அப்புறம் குவில்ட். துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, உள்ளே பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பை வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டித் தைக்கிற போர்வை. ஒரு கட்டத்துக்கு பிளாக் என்று பெயர்.

பக்கத்து பில்டிங் நர்ஸ் லிசிக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. குழந்தைக்கு வெள்ளையிலும் சிவப்பிலும் ஒரு சின்ன குவில்ட் கேட்டாள். இருபது நாள் இழைத்து இழைத்துத் தைத்தேன். கொடுப்பதற்கு முந்தின நாள், புதுசாக இருக்கட்டுமே என்று ஒரு தண்ணீர் அலசினேன். சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளை முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. சுருங்கியும் போனது. ஓரமெல்லாம் காயவைத்த அப்பளம் மாதிரி மடங்கி நின்றது.

லிசி வந்து பார்த்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துவிட்டாள். “விடுங்க சேச்சி, ஸ்கேன்ல எனக்குப் பொண்ணுன்னுதான் தோணுது. ரோஸ் நல்லாயிருக்கும்” என்று வாங்கிக்கொண்டு போனாள். பிறந்தது பையன். அவன் அந்த ரோஸ் போர்வையிலேயே வளர்ந்தான்.

அன்றைக்கு ஒரு அட்டையில் எழுதி மிஷினுக்கு மேலே ஒட்டினேன்: துவைக்காத துணிக்குக் கத்தரி கிடையாது. எந்தத் துணி வீட்டுக்குள் வந்தாலும் முதலில் வாஷிங் மிஷின், அப்புறம் கொடியில் காய்வது, அப்புறம் ஸ்டீம் அயர்ன், கடைசியில்தான் கத்தரி. “நான் வந்தா என்னையும் ஊறப்போட்டுட்டுத்தான் சோறு போடுவ போல” என்பார் என் வீட்டுக்காரர். நான் சட்டை செய்ததில்லை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷத்தில் ஒரு குவில்ட்டில்கூடச் சாயம் இறங்கியதில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

2. ஃபைனல் எக்ஸிட் போர்வை

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த ஐட்டம்தான். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதை அங்கே ஃபைனல் எக்ஸிட் என்பார்கள். இருபது வருஷம் குப்பை கொட்டிய பிளாட்டைக் காலி செய்கிறவர்கள் ஆளுக்கு முப்பது கிலோவுக்குள் வாழ்க்கையை அடக்க வேண்டும். கட்டில் போகாது, பிள்ளை கிறுக்கிய சுவர் போகாது. பிள்ளையின் முதல் யூனிஃபார்ம், ஹால் கர்ட்டன், அம்மாவின் நைட்டி, அப்பாவின் கம்பெனி சட்டை எல்லாவற்றையும் வெட்டி ஒரே போர்வையாகத் தைத்துக் கொடுத்தால் அது மட்டும் போகும்.

டிசைனை நான் போட்டோ பார்த்துக் காப்பியடித்ததில்லை. அந்த வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எதிர் பில்டிங் மொட்டை மாடியில் வரிசையாக டிஷ் ஆன்டெனா தெரிந்தால் வட்ட டிசைன். ஸ்கூல் பஸ் நிற்கிற முக்கு தெரிந்தால் மஞ்சள் பட்டை. ஒரு பெரியவர், சட்டையும் பேண்டும் ஒன்றாகத் தைத்த தன் கம்பெனி கவராலைக் கொண்டுவந்து, “பாதி ஆயுசு இதுக்குள்ளதான்மா போச்சு, நடுவுல வை” என்றார். நடுவில்தான் வைத்தேன். முடிந்ததும் எல்லார் முன்னாலும் லக்கேஜ் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பேன். இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. தாண்டினால் பேட்டிங்கை மாற்றி மறுபடியும் தைப்பேன்.

இப்போது பாளையங்கோட்டையில் கரண்ட் போன மத்தியானத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது அந்த ஹால்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள், ஆணி பிடுங்கிய சுவர், கடைசி நாளில் பேப்பர் கப்பில் கொடுத்த டீ. அந்தத் தெருக்களை விட்டு வந்தது இன்னமும் எனக்கு ஆறவில்லை.

3. ஜெய்னப்

எங்கள் பில்டிங்குக்குக் கீழே பகாலா என்கிற மளிகைக் கடையை நடத்தியவர் கீழக்கரைக்காரர், சாகுல் தம்பி. மூட்டை தூக்கிக்கொண்டே ஆளை அடையாளம் கண்டு, “அக்கா, மல்லித்தழ வந்திருக்கு, வாடுறதுக்குள்ள எடுத்துக்கங்க” என்று குரல் கொடுப்பார். ஒரு நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முப்பத்தெட்டு வயது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் மனைவி ஜெய்னப், நான்காம் மாடி. ஆறு வயதில் ஒரே மகள், ருக்கையா. புருஷன் போனால் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவை நாலு மாதமும் பத்து நாளும் இருந்து முடித்தாள். மகளின் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தாள். ஊருக்குக் கூட்டிப் போகக் கொழுந்தனார் வந்துவிட்டார். பயணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது இரண்டு பிளாஸ்டிக் பைகளோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, அவுக சட்டை பதினொண்ணு இருக்கு. மத்ததெல்லாம் ஏழைகளுக்குக் குடுத்தாச்சு. அவுக அடங்கியிருக்குற கபுரை இங்க விட்டுட்டுப் போறேன். மண்ணை அள்ளிட்டுப் போக முடியாதுல்ல? எனக்கும் புள்ளைக்கும் இதுல ஒரு போர்வை தச்சுக் குடுங்க.”

பை ஒவ்வொன்றும் இன்னொரு பைக்குள் இருந்தது. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன் மேலும் ஒரு முடிச்சு. பாச்சைக்குப் பயந்து கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். நகத்தால் அவிழ்க்க வரவில்லை, கத்தரியால் வெட்டினேன்.

மறுநாள் பதினொரு சட்டையையும் சுடுதண்ணீரில், கிருமிநாசினி ஊற்றி, கடைசியில் வாசனை லிக்விட் போட்டுத் துவைத்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டையின் வயிற்றில் பெரிய ஊறுகாய் எண்ணெய்க் கறை இருந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்து அதையும் எடுத்தேன். பால்கனிக் கொடியில் பதினொன்றும் புதுசு போல ஆடின. போனில் படம் எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

“அக்கா, வெட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்ல ஜெய்னப்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த நீலக் கட்டம் சட்டை மௌத்தாவுறதுக்கு மொத நாளு போட்டிருந்தது. அதைக் கடைசியா வெட்டுங்க. வாசம் போயிரக் கூடாதுன்னு எல்லாத்தையும் துவைக்காம முடிஞ்சு வச்சிருந்தேன். பைய ரொம்ப நேரம் தொறந்து வச்சிராதீங்க.”

என் எதிரே கொடியில் அந்தச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. “சரிம்மா” என்று மட்டும் சொன்னேன். போனை வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்.

“ஏட்டி, அந்த ஆளு போடுற அத்தர் என்னன்னு எனக்குத் தெரியும். வாங்கி நாலு சொட்டு தெளிச்சு விடு. யாருக்குத் தெரியப் போவுது?”

போகவில்லை என்று பொய் எழுத மாட்டேன். மறுநாள் அத்தர் கடைக்குப் போய் வாங்கினேன். ஒரு சொட்டு தோய்த்த பஞ்சை நீலச் சட்டையின் காலர் மேல் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். அத்தர் கடை வாசம்தான் அடித்தது. சாகுல் தம்பியின் வாசம் எனக்கே தெரியும். வேர்வையும் அட்டைப் பெட்டியும் மல்லித்தழையும் கலந்து, அதன் மேல் லேசாக அத்தர் நிற்கும். கீழ்வீட்டுக்காரிக்கே தெரிகிறதென்றால் பொண்டாட்டிக்குத் தெரியாதா? பதினொரு சட்டையையும் மடித்து எடுத்துக்கொண்டு நான்காம் மாடி ஏறினேன். ஒரு மாடி ஏற நான் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதே இல்லை.

4. கேட்டிருக்கலாமேக்கா

உள்ளே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் பாய் விரித்திருந்தது. உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

“ஜெய்னப், நான் துவைச்சிட்டேன். போன்ல நீ கேக்கும்போதே துவைச்சாச்சு. சொல்லத் தைரியம் வரல.”

அவள் நீலச் சட்டையை வாங்கி முகத்தில் வைத்தாள். எடுத்தாள். காலரை மோந்தாள், அக்குளை மோந்தாள். அப்புறம் வயிற்றுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஊறுகாக் கறை எங்கக்கா?”

“எடுத்துட்டேன்.”

“ரெண்டு வருஷம் இந்தக் கறையோட மல்லுக்கட்டினேன். பாட்டில் உடைஞ்சு கொட்டுனது. ‘உன்னால ஆகாதுடி, விடு’ன்னு சிரிப்பாக.” அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். அது பாதியிலேயே உடைந்தது. சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். அவள் என் கையைத் தள்ளவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று சொன்னாள். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

இரண்டு நாள் நான் மிஷின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் ஜெய்னப் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள். உறை போடாத, ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணை. தலை வைத்த இடம் எண்ணெய் இறங்கிப் பழுப்பாக இருந்தது.

“இது அவுக தலைமாடு. கொழுந்தனார் ‘தலவாணியெல்லாம் யாராவது பிளேன்ல கொண்டு போவாங்களா, பெட்டியில எடமில்ல, போட்டுட்டு வாங்க’ன்னு சொல்றாக. நியாயந்தான். இந்தப் பஞ்ச போர்வைக்குள்ள வைக்க முடியுமாக்கா?”

ஒன்பது நல்ல டெய்லர்கள் இருக்கிற தெருவில், இருந்ததை எல்லாம் துவைத்துத் தொலைத்த என்னிடமே மிச்சமிருந்ததையும் கொண்டுவந்து நிற்கிறாள்.

“முடியும்” என்றேன். “முழுசும் ஆகாது, எடை தாங்காது. ஒரு கட்டத்துக்கு வைக்கலாம்.”

“துவைக்க...”

“மாட்டேன்மா. தட்டக்கூட மாட்டேன்.”

இலவம்பஞ்சை குவில்ட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் பாடம். உருண்டு ஒரு மூலைக்கு ஓடிவிடும். எண்ணெய் ஏறிய பஞ்சென்றால் பக்கத்துத் துணிக்கும் கறை இறங்கும். தெரிந்தேதான் செய்தேன். முப்பது பிளாக் வெட்டினேன். ஒன்றில் மட்டும் பேட்டிங்கை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஞ்சை வைத்தேன். ஓடாமல் இருக்க அரை இஞ்சுக்கு ஒரு வரியாகக் கையால் ஓட்டினேன். சூடு பட்டால் வாசம் போய்விடுமோ என்று அந்தக் கட்டத்துக்கு அயர்ன் போடவில்லை. மற்ற இருபத்தொன்பதிலும் அதே போல வரி போட்டேன், தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பஞ்சை எடுக்கத் தலையணைக்குள் கையை விட்டபோது வந்த வாசத்தில் சாகுல் தம்பி என் எதிரே கடை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. மீதியைத் திரும்ப வைத்துத் தைத்து அவளிடமே கொடுத்தேன்.

புதிதாகத் தைக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் என்று நான் சொல்வதானால் இதுதான். சாயம் இறங்குமா, சுருங்குமா என்று துணியைக் கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்தவரைக் கேளுங்கள். அழுக்கு எது என்று நமக்குத் தெரியாது. மிஷினுக்கு மேலே இருந்த அட்டையை நான் அந்த வாரமே கிழித்துவிட்டேன்.

பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெறும் ஹாலில் தரையில் விரித்தோம். தராசை நான் எடுத்துப் போகவில்லை. எந்தக் கட்டத்தில் பஞ்சு இருக்கிறது என்று காட்டக் குனிந்தேன்.

“சொல்லாதீங்கக்கா” என்றாள் ஜெய்னப். “நானே பாக்கறேன்.”

முழங்கால் போட்டு முதல் கட்டத்தில் முகத்தை வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ருக்கையாவுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. அவளும் எதிர்ப்பக்கம் முழங்கால் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “சோப்பு, சோப்பு, இதுவும் சோப்பு” என்று எண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டு வரிசை முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. அயர்ன் போடாவிட்டாலும் பக்கத்துக் கட்டங்களின் லிக்விட் வாசம் ஏறி எல்லாம் போய்விட்டதோ என்று பயந்தேன்.

நான்காவது வரிசையில், இடமிருந்து இரண்டாவது கட்டத்தில், ஜெய்னப் முகத்தை வைத்தாள். எடுக்கவில்லை.

ருக்கையா எண்ணுவதை நிறுத்தினாள். “உம்மா, எனக்கு?” என்று தவழ்ந்து வந்தாள். ஜெய்னப் நிமிராமலே தலையைக் கொஞ்சம் நகர்த்தி, மகளின் தலைக்கு இடம் விட்டாள்.