‘சப்’ என்று எழுத மறுத்தவர்

செய்தி, நான் வேலை பார்க்கும் ஆரணி தாலுகா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. திருவண்ணாமலை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர் பேசினார்.

“சார், இங்க நம்ம ஊர்ல கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதுவாரே, அந்தப் பெரியவர் தவறிட்டாருங்க. உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க.”

“யாரு? பேரச் சொல்லுங்க.”

“பேரு வந்துங்க... ரெக்கார்ட் ரூம்ல ரொம்ப வருஷம் இருந்தாருல்ல, ரிட்டயர் ஆனவரு. பேரு வாய்ல வரமாட்டேங்குது சார்.”

யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் பெயரைச் சொல்லட்டும் என்று போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவர் சொல்லவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை, இந்தக் கட்டுரையை அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது சாந்தமாக எழுத வேண்டும் என்பார்கள். என்னால் முடியாது.

அவர் பெயர் ஏகாம்பரம். திருவண்ணாமலை தாலுகா அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் ஆவண அறை எழுத்தராக இருந்தவர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே தட்டச்சராகச் சேர்ந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு ஆட்டத்தில் ஆர்வமில்லை, ஆனால் ஊருக்குப் புதியவன், போக வேறு இடமும் இல்லை. மலை பின்னால் நிற்க, வேப்பமரத்தடியில் ஒரு மேசை, அதன்மேல் நீளமான ஸ்கோர் புத்தகம், மூன்று பென்சில், ஒரு ரப்பர். ஏகாம்பரம் அவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அன்றைக்கு ஓர் ஆட்டக்காரர் கால் பிசகி வெளியே வந்துவிட்டார். அவருக்குப் பதிலாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை உள்ளே அனுப்பினார்கள். அவர் ஓடிப்போய் ஒரு நல்ல கேட்ச் பிடித்தார். இப்படி மாற்றாளாக வருகிறவர் கேட்ச் பிடித்தால் ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயரை எழுதுவதில்லை, ‘சப்’ என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் போட்டுவிடுவார்கள். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். ஏகாம்பரம் அவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஆட்டம் நின்றது.

“அந்தத் தம்பி பேர் இன்னா?” என்று மைதானத்தின் நடுவே கேட்கும்படி கூவினார்.

நடுவர் எரிச்சலோடு, “சப்புனு போட்டுட்டுப் போங்க சார், நேரமாவுது” என்றார்.

“சப்புனு யாருக்கும் அவங்க அப்பா அம்மா பேர் வைக்கலீங்க. பேரக் கேட்டுச் சொல்லுங்க, அடுத்த பந்தைப் போடலாம்.”

பெயர் வந்தது. முழுதாக எழுதினார். எதிர் அணிக்காரர்கள் சிரித்தார்கள். இது ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது, ஒவ்வொரு ஞாயிறும் யாராவது சிரித்தார்கள்.

பிறருடைய பெயரில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தவர் தன் பெயர் என்று வந்தால் நேர்மாறு. பக்கத்தின் அடியில் ஸ்கோர் எழுதியவர் கையெழுத்திட ஒரு புள்ளிக்கோடு இருக்கும். அதை வெறுமையாகவே விடுவார். ஏன் என்று கேட்டதற்கு, “ஆடினவங்க பேர்தான்யா வரணும். எழுதறவன் பேர் ஆட்டத்துல வரக்கூடாது” என்றார். இதை அவர் ஒரு விரதமாகவே வைத்திருந்தார். நானும் அதை உயர்ந்த குணம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் அவர் மேலேயே கோபம் வருகிறது.

ஒருநாள் ஆவண அறையில் அழிக்க வேண்டிய பழைய கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர், மதியச் சாப்பாட்டுக்கு வராமல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மேசைமேல் மூன்று காகிதங்கள், நூலில் கோத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் இங்கிலாந்திலிருந்து ஒரு கிரிக்கெட் அணி கப்பலேறி நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. அப்போதெல்லாம் அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேயிருந்த வெள்ளைக்காரர்களோடுதான் ஆடினார்கள். சென்னையில் நடந்த ஓர் ஆட்டத்துக்காக நம் தாலுகாவிலிருந்து கூடாரங்களையும் அவற்றை அடிக்கக் கலாசிகளையும் வண்டி கட்டி அனுப்பியிருக்கிறார்கள். முதல் காகிதம் அந்தக் கூடாரங்களின் பட்டியல். இரண்டாவது, அந்த ஆட்டத்தின் அச்சடித்த ஸ்கோர் அட்டை. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்காரர் தாசில்தாருக்கு எழுதிய குறிப்பு: கலாசி ஒருவன் துரைகளின் ஆட்டத்தில் பந்தைப் பிடித்ததில் இடக்கை மோதிர விரல் முறிந்து வந்திருக்கிறான், பத்து நாள் வேலைக்கு லாயக்கில்லை.

ஸ்கோர் அட்டையில் இங்கிலாந்து அணித் தலைவர் அவுட்டான விதத்தைப் பார்க்கச் சொன்னார். கேட்ச்: சப்.

“பாருய்யா நடேசா. பந்தை அடிச்ச துரை பேர் இருக்குது. பந்து போட்ட துரை பேர் இருக்குது. கூடாரம் எத்தினி, மொளக்குச்சி எத்தினின்னு எண்ணி எழுதி வெச்சிருக்காங்க. வெரல் ஒடிஞ்சவரு பேர் மட்டும் ஒரு காயிதத்துலயும் இல்ல.”

ஏதோ நேற்று தன் தம்பிக்கு நடந்துவிட்டது போலப் பேசினார்.

அன்றிலிருந்து நான்கு வருடம் அந்தப் பெயரைத் தேடினார். மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு, அழிக்கும் பட்டியலிலிருந்து அந்தக் கட்டை விலக்கி வைத்தார். கலாசிகள் எந்தெந்தக் கிராமத்திலிருந்து போனார்கள் என்று பழைய கடிதங்களில் பார்த்துக்கொண்டு, ஆட்டமில்லாத ஞாயிறுகளில் அந்த ஊர்களுக்கு நடந்தார். வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் முன்காலத்தில் கூடாரம் அடிக்கப் போனவர் உண்டா என்று கேட்டார். சிலர் அவரை வரி வசூலிக்க வந்தவர் என்று நினைத்து ஓடி ஒளிந்தார்கள்.

கடைசியில் மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையில், கிடைத்தது. அங்கே பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு மோர் விற்கும் பூபதி அம்மாள் என்பவர் வீட்டுக்கு வழி கேட்டபோது, ‘கோணவெரலார் வூடா?’ என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஏகாம்பரம் அவர்கள் அங்கேயே நின்றுவிட்டாராம். மறுநாள் அலுவலகத்தில் அந்த ஊரின் பழைய நிலப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். ‘கன்னியப்பன் என்கிற கோணவிரலான், அரசாங்கக் கூடாரக் கலாசி’ என்று அதில் இருந்தது. என்னையும் அழைத்துக்கொண்டு அந்த வாரமே பூபதி அம்மாளிடம் போனார்.

அந்த அம்மாளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். மோர்ப்பானையை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“எங்க கொள்ளுத்தாத்தாங்க அவுரு. கோணவெரலார் வூடுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஏன்னு எங்க யாருக்கும் தெரியாதுங்க. வெறுங்கையாலயா புடிச்சாரு?”

“வெறுங்கைதாம்மா. உள்ள நின்னு புடிக்கிறவங்களுக்கு உறை கிடையாது.”

“அம்மாம் பெரிய துரைய அவுட்டாக்கினாருன்னு சொல்றீங்க. பேரு எழுதினாங்களா?”

“எழுதலம்மா. எழுதிடலாம். நான் எழுத வெக்கறேன்.”

இந்த ஒரு வாக்குதான் அவர் வாழ்க்கையின் மிச்சம் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

அந்த இங்கிலாந்து அணி இங்கே வந்தது முதல் கப்பலேறித் திரும்பியது வரை, கிடைத்த தகவல் அனைத்தையும் ஒரு நீளநோட்டில் நீல மையில் எழுதினார். ஒவ்வொரு தகவலுக்கும் எந்தக் கட்டு, எந்தக் காகிதம் என்ற குறிப்பு. கன்னியப்பனுக்கு மட்டும் ஆறு பக்கம். முன் அட்டையில் பெயர் எழுதுங்கள் சார் என்று நான் சொன்னேன். “எனக்கெதுக்குய்யா? நான் ஸ்கோரர்தானே” என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளைக்கார அணிகளின் பழைய வருகைகளைப் பற்றி ஒரு சிறப்பு மலர் தயாரிப்பதாகச் சொன்னார். பெயரை எழுதி அவருக்கு இங்கே இடம் கொடுக்க மாட்டேன். அவரை ஏகாம்பரம் அவர்களிடம் அழைத்துப் போனது நான். நோட்டைக் கொடுங்கள் சார், பெரிய இடம், மலரில் வந்தால் நாடே படிக்கும் என்று வற்புறுத்தியதும் நான். அதை மறைத்து எழுத எனக்கு உரிமையில்லை.

“கன்னியப்பன் பேர் வந்துடுங்களா?” என்று ஏகாம்பரம் அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அதுதானே விஷயமே” என்று சிரித்தார் பிரமுகர். நோட்டு அவர் தோல்பைக்குள் போனது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து மலர் வெளிவந்தது. வழவழப்பான தாள். பிரமுகரின் படம் முழுப்பக்கத்துக்கு. அவர் பெயரில் நாற்பது பக்கக் கட்டுரை, அத்தனையும் அந்த நீளநோட்டு. கடைசியில் ஒரு வரி: திருவண்ணாமலையைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சில தகவல்கள் தந்து உதவினார். ஏகாம்பரம் அவர்கள் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. பக்கங்களைத் திருப்பித் திருப்பி வேறொன்றைத் தேடினார். கிடைத்தது. ‘அங்கே நின்றிருந்த கூலியாள் ஒருவன் அந்தப் பந்தைப் பிடித்தான்.’

புத்தகத்தை மூடினார். “என் பேர் போவட்டும்யா. அவர் பேர அடிச்சிட்டானே” என்றார். யாரைப் பற்றியும் ‘ங்க’ போடாமல் பேசாதவர் வாயில் அன்றுதான் அந்த ‘ஆன்’ வந்தது.

நான் சென்னைக்குப் போய் அந்தப் பிரமுகரைப் பார்த்தேன். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். வீட்டுப் பட்டப்பெயரை வைத்துச் சரித்திரம் எழுத முடியாது, ஆதாரம் போதாது என்றார். அதே நோட்டின் மற்றப் பக்கங்களுக்கு மட்டும் ஆதாரம் எப்படிப் போதியது என்று கேட்டிருக்க வேண்டும். பதிவேட்டின் பக்க எண்ணோடு ஏகாம்பரம் அவர்கள் எழுதிக் கொடுத்ததை நீங்கள் படித்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். “படிக்கிறவங்களுக்குக் கலாசி பேர் எதுக்கு சொல்லுங்க?” என்றபோதாவது அந்தக் காப்பியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நான் காப்பியைக் குடித்தேன். “நன்றி சார்” என்றும் சொன்னேன். அரசாங்க அலுவலகத்தில் வளைந்து வளைந்து பழகிய முதுகு எனக்கு. அந்த நன்றியை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஏகாம்பரம் அவர்கள் அடி அண்ணாமலைக்குத் தனியாக நடந்துபோய் பூபதி அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். கூட வருகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டார். மலர் வெளியிட்டவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். ஒன்றிலும் தனக்காக ஒரு வார்த்தை இருக்காது, கன்னியப்பன் பெயரைத் திருத்த வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். ஒரு பதிலும் வரவில்லை. பணி ஓய்வு பெற்றார். எனக்கு ஆரணிக்கு மாற்றலானது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேப்பமரத்தடிக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

இரங்கல் கூட்டத்தை மைதானத்திலேயே வைத்தார்கள். தீர்மானம் வாசித்தார்கள். ‘நம் மைதானத்தில் நெடுங்காலம் தொண்டாற்றிய அன்பர்’ என்று தொடங்கியது. மறுபடியும் அன்பர். எங்கிருந்துதான் இந்த வார்த்தையைப் பொறுக்குகிறார்கள் என்று தெரியவில்லை. நான் எழுந்து, “பேர் இன்னா?” என்று கேட்டேன். மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். வாசித்தவர் விழித்தார். பெயரைப் போட்டு முதலிலிருந்து வாசியுங்கள் என்றேன். வாசித்தார். இதை நான் சென்னையில் செய்திருக்க வேண்டும்.

கூட்டத்தின் ஓரத்தில் பூபதி அம்மாள் நின்றிருந்தார். அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். என்னிடம் வந்து, “அந்த நோட்டு வந்துச்சுங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அவுரு எங்கிட்ட வந்து, உங்க வூட்டுப் பெரியவருக்கு நான் தப்புப் பண்ணிட்டேம்மான்னு அழுதாருங்க. நீங்க இன்னா பண்ணீங்க, பண்ணவங்க எங்கியோ நல்லா இருக்காங்கன்னு சொன்னேன்” என்றார்.

பிறகு ஏகாம்பரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் துணைவியார் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஸ்கோர் புத்தகங்கள், பதினான்கு. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஓர் ஆட்டம் எழுதியிருந்தது. நம் ஊர் ஆட்டமல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த அந்த அணியின் ஆட்டத்தை, அட்டையில் இருந்தபடி ஒவ்வொரு பெயராகத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். துரைகள் பெயர்களெல்லாம் அப்படியே இருக்கின்றன. அணித் தலைவரின் பெயருக்கு நேரே, ‘சப்’ இருந்த இடத்தில், ‘கேட்ச்: கன்னியப்பன், அடி அண்ணாமலை.’ பக்கத்தின் அடியில் அந்தப் புள்ளிக்கோடு, வழக்கம்போல வெறுமையாக.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். பதினான்கு புத்தகத்திலும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், ‘ஸ்கோர் எழுதியவர்: ஏகாம்பரம்’ என்று எழுதினேன். பென்சிலால் எழுதினால் ரப்பரை எடுத்துவிடுவீர்கள் என்று மையால் எழுதினேன், சார். உங்கள் விரதத்தைக் கெடுத்துவிட்டேன். போய் வாருங்கள். என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டுமானால் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நான் அழிக்க மாட்டேன்.